தோண்டிப் பார்க்க ஒரு தொட்டி

குழு: நம்ம குடும்பம்

சனிக்கிழமை

நித்யா: (படம்)

நித்யா: இதுதான் எங்க பால்கனி. துணி காயப்போட்டது போக மிச்சம் இருக்கிற இடத்துல யாழினிக்குத் தோட்டம் வேணுமாம். பள்ளிக்கூடத்துல விதை போட்டுக் காட்டியிருக்காங்க, வந்ததுலருந்து அதே பேச்சு.

அருள்: நாலு வயசுலயே விவசாயியா 😂

நித்யா: தக்காளிதான் வேணும்கிறா. சிவப்பா இருக்கணுமாம். நாளைக்கே பறிக்கணுமாம்.

பெரியப்பா: விளையும் பயிர் முளையிலே தெரியும். வாழ்த்துகள் அம்மாடி 🙏🌱

சித்தி: நித்யா, முதல்ல ஒண்ணு சொல்லு. அங்க நேரா வெயில் எவ்வளவு நேரம் விழுது? வெளிச்சத்தைக் கேக்கல, வெயிலைக் கேக்கறேன்.

நித்யா: காலையில ஒரு மூணு மணி நேரம் சித்தி. அப்புறம் எதிர் கட்டடம் மறைச்சிடும்.

சித்தி: அப்போ தக்காளி அங்க வேண்டாம். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, காய் வைக்கிறது எதுவா இருந்தாலும் ஆறு மணி நேர வெயிலாவது வேணும். உன் பால்கனியில செடி நெட்டையா போகும், இலை விடும், நாலு பூ வந்து உதிர்ந்துடும். அப்படியே வெயில் இருந்தாலும் விதை போட்டதுலருந்து பழம் சிவக்க மூணு மாசம் ஆகும். நாலு வயசுக்கு மூணு மாசம்னா அடுத்த ஜென்மம்.

அருள்: அப்போ நர்சரியில காயோட இருக்கிற செடியா வாங்கிட்டு வந்துட்டா?

சித்தி: வாங்கலாம். இருக்கிற காயைப் பறிச்சதும் கதை முடிஞ்சுது. அதுக்குக் காய்கறிக் கடைக்கே போகலாமே.

செல்வி அக்கா: சித்தி பாயிண்ட் 😄

சித்தி: இலைக்காக வளர்க்கிறது மட்டும்தான் அரைகுறை வெயிலுக்கு ஒத்துவரும். வெந்தயம், தண்டுக்கீரை, கொத்தமல்லி, புதினா. இதுல வெந்தயம் ரெண்டு மூணு நாள்ல முளைச்சிடும். தண்டுக்கீரை மூணுலருந்து அஞ்சு நாள். கொத்தமல்லி ஆடி அசைஞ்சு ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கும், அதனால அது பிறகு. முதல்ல அவளுக்கு எது சீக்கிரம் முளைக்குமோ அதைப் போடு. உனக்கு எது ஆசையோ அதை இல்ல.

நித்யா: சிவப்பு கேட்டு அழுவாளே

சித்தி: சிவப்புத் தண்டுக்கீரை விதை வாங்கு. வெயில் கம்மினா நிறம் கொஞ்சம் மங்கும், ஆனா சிவப்புதான்.

அருள்: சிவப்பு முள்ளங்கி? அதுவும் ஒரு மாசத்துல வந்துடும்னு சொல்றாங்களே.

சித்தி: வெயில் பத்தாதுடா. கிழங்கு பருக்காது, மேல இலைதான் மண்டும்.

பெரியப்பா: (முன்னனுப்பியது) தொட்டியில் சமையலறைக் கழிவுகளை நேரடியாகப் போடுங்கள்! முட்டை ஓடு போட்டால் மூன்றே நாளில் காய் கொத்துக் கொத்தாய்!

சித்தி: அத்தான், தயவு செஞ்சு இதை நம்பாதீங்க. சின்னத் தொட்டியில பச்சைக் கழிவைப் போட்டா அது அங்கயே அழுகும், ஈ வரும், செடிக்குக் கிடைக்க வேண்டிய தழைச்சத்தை அந்த அழுகலே இழுத்துக்கும். மக்க வெச்சுத்தான் போடணும். முட்டை ஓடு மண்ணுல கரைய மாசக்கணக்குல ஆகும். மூணு நாள்ல ஒண்ணும் நடக்காது.

பெரியப்பா: 👍

செல்வி அக்கா: நித்யா, விதை பாக்கெட்டைப் பிரிச்சதும் நிறத்தைப் பாரு. ரோஸ், பச்சை, நீலம்னு சாயம் பூசின மாதிரி இருந்தா அது பூஞ்சை மருந்து தடவின விதை. அதை அவ கையில குடுக்காதே. மருந்து தடவாத விதைன்னு கேட்டு வாங்கு.

நித்யா: இது தெரியாதுக்கா. அழகா இருக்குன்னு அவ வாயில போட்டாலும் போட்டுடுவா.

செல்வி அக்கா: வாய் மட்டும் இல்ல, மூக்கைப் பத்தியும் யோசி. பயறு, மொச்சைன்னா இன்னும் கவனம். உள்ள போய் ஈரத்துல ஊறிப் பெருத்துடும், அப்புறம் டாக்டர்தான் எடுக்கணும். அஞ்சு குடுத்தா அஞ்சும் மண்ணுக்குள்ள போச்சான்னு எண்ணிப் பாரு.

அருள்: விவசாயம் ரொம்ப ஆபத்தான தொழில் போல

செல்வி அக்கா: சிரிக்காதடா. நித்யா, இன்னொண்ணு. படத்துல அந்த ஸ்டூல் கம்பிக்கிட்ட இருக்கு. அதை இப்பவே உள்ள எடு.

நித்யா: தொட்டி வைக்கலாம்னு போட்டேன். வெயில் அங்கதான் நல்லா விழுது.

பெரியப்பா: படிப்படியா அடுக்குற இரும்பு ஸ்டாண்ட் ஒண்ணு வாங்கினா இடமும் மிச்சம் ஆகும்.

செல்வி அக்கா: பெரியப்பா, அது பெரியவங்க மட்டும் இருக்கிற வீட்டுக்கு. படி மாதிரி எது இருந்தாலும் நாலு வயசுக் குழந்தை ஏறும். கவிழ்த்து வெச்ச தொட்டி, மண் மூட்டை, ஸ்டாண்ட் எதுவும் கம்பி ஓரத்துல கூடாது. உள்பக்கம் மாட்டுற தொட்டிகூட கால் வைக்க இடம் ஆயிடும். எனக்கு இந்த விஷயத்துல மட்டும் சமாதானமே கிடையாது.

சித்தி: செல்வி சொல்றது சரி. காலை வெயில் சாய்வாத்தான் வரும், சுவர் வரைக்கும் எட்டும். அகலமான, ஆழம் இல்லாத டப்பாவா எடுத்து சுவரோரம் தரையில வை. கீரைக்கு ஒரு சாண் ஆழம்கூட வேண்டாம், நாலஞ்சு அங்குலம் மண் இருந்தா போதும். அடியில ஓட்டை முக்கியம்.

நித்யா: சரி, ஸ்டூல் உள்ள வந்துடுச்சு. மண்ணு? வெறும் செம்மண் போதுமா?

சித்தி: தொட்டிக்கு வெறும் மண் இறுகிப்போகும், கனமும் ஜாஸ்தி. மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கின உரம் ஒரு பங்கு. தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு அவளைக் கலக்கச் சொல்லு, தூசி மூச்சுல போகாது. கலக்குற வேலையைப் பிடுங்கிடாதே, குழந்தைக்கு அதுதான் கொண்டாட்டம். முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவணும், நகம் உட்பட.

சித்தி: கீரை விதை கடுகைவிடப் பொடி. உலர்ந்த மணலோட கலந்து, மூடியில ஓட்டை போட்ட டப்பாவுல குடுத்துடு, தூவட்டும். மேல லேசா மண்ணைத் தூவினா போதும், ஆழமாப் புதைச்சா மேல வராது. எறும்பு வந்து விதையைத் தூக்கிட்டுப் போகும், பார்த்துக்கோ.

நித்யா: அவ தினமும் தோண்டிப் பார்ப்பா சித்தி. அதுதான் பயம்.

செல்வி அக்கா: 😂😂 என் பெரியவன் தோண்டிப் பார்த்துட்டு "இன்னும் தூங்குது"ன்னு மறுபடி போர்த்தி விடுவான். ஒண்ணுகூட முளைக்கல.

சித்தி: தோண்டாதேன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல. உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கத்தானே அவளுக்குத் தோட்டமே வேணும். அதனால ரெண்டு தொட்டி வை. ஒண்ணு செடிக்கு. இன்னொண்ணு அவ இஷ்டத்துக்குத் தோண்ட, கொட்ட, தண்ணி ஊத்த. அதுல நாலு வெந்தயம் போட்டு வை, எது வந்தாலும் லாபம். கூடவே வேர் விடுறதைக் காட்ட ஒரு கண்ணாடி டம்ளர். உள்ள ஈரத் துணியைச் சுத்தி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல தட்டைப்பயறை நிக்க வை. ஒண்ணு நேரா, ஒண்ணு தலைகீழா, ஒண்ணு படுக்க வெச்சு. எப்படி வெச்சாலும் வேர் கீழதான் இறங்கும், தண்டு மேலதான் ஏறும்.

அருள்: அதுக்குக் கீழ எதுன்னு எப்படிச் சித்தி தெரியும்? உண்மையாவே கேக்கறேன்.

சித்தி: வேர் நுனியில இருக்கிற செல்லுக்குள்ள குட்டிக் குட்டி மாவுமணி இருக்கு. கனமா இருக்கிறதால அது எப்பவும் அடிப்பக்கமா போய்த் தங்கும். அதை வெச்சுத்தான் வேர் திசையைக் கண்டுபிடிக்குது. வேர் விட்டப்புறம் டம்ளரைப் படுக்க வெச்சுப் பாரு, ஒரே நாள்ல வேர் திரும்பவும் கீழ வளையும்.

அருள்: நானும் ஒரு டம்ளர் வைக்கப்போறேன்

ஞாயிற்றுக்கிழமை

நித்யா: (படம்) விதைச்சாச்சு. மண் கலந்ததுல பாதி தரையில, பாதி யாழினி மேல.

நித்யா: (குரல் பதிவு 0:09)

செல்வி அக்கா: "விதைக்குக் குட்நைட் சொல்லியாச்சு"வா 😍

பெரியப்பா: பூச்சி வந்தா வேப்பெண்ணெய் அடி அம்மாடி. இயற்கையானது, பயமே இல்ல.

சித்தி: செடிக்குப் பயமில்ல அத்தான், குழந்தைக்கு உண்டு. வேப்பெண்ணெயைச் சின்னப் பிள்ளைங்க குடிச்சுட்டா வாந்தி, வலிப்பு வரைக்கும் போகும். வீட்டுல இருந்தா பூட்டி வைக்கணும். ரெண்டு தொட்டிக்கு அதெல்லாம் எதுக்கு? அசுவினின்னு சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி வந்தா இலையைத் திருப்பி வேகமா தண்ணி பீய்ச்சினாலே போயிடும். பொறிவண்டு வந்தா விட்டுடு, அது அசுவினியைத் தின்னும்.

நித்யா: தண்ணி எவ்வளவு ஊத்தணும்? அவ ஒரு நாளைக்கு நாலு தடவை ஊத்தத் தயாரா இருக்கா.

சித்தி: குழந்தைங்க தோட்டம் வாடிச் சாகாது, மூழ்கித்தான் சாகும். வேருக்குக் காத்தும் வேணும். முளைக்கிற வரைக்கும் ஸ்ப்ரே பாட்டில், மேல்மண் காயாம இருந்தா போதும். அப்புறம் விரலை மண்ணுல விடச் சொல்லு. ஈரமா ஒட்டினா இன்னிக்குத் தண்ணி கிடையாது. அந்த விரல் வைக்கிற வேலையை அவகிட்டயே குடு, முடிவும் அவளே சொல்லட்டும். மிச்ச ஆசைக்கு அந்தத் தோண்டுற தொட்டி இருக்கு. அடித்தட்டுல தேங்குற தண்ணியை மட்டும் நீ கொட்டிடு, கொசு முட்டை வைக்கும்.

வியாழக்கிழமை

நித்யா: (படம்) வெந்தயம்!!! கீரையும் சிவப்பா ஊசி ஊசியா எட்டிப் பார்க்குது. டம்ளர்ல தலைகீழா வெச்ச பயறு வளைஞ்சு கீழ வந்துடுச்சு சித்தி, யாழினி அதை விட்டு நகரவே மாட்டேங்கிறா.

அருள்: என்னோடது அழுகிடுச்சு. தண்ணி ஜாஸ்தி போல. நாலு வயசுக்காரிகிட்ட தோத்துட்டேன்.

நித்யா: எல்லாம் ஒரே பக்கமா சாயுது. "செடி வெளிய வேடிக்கை பார்க்குது"ன்னு சொல்றா.

சித்தி: வெளிச்சம் வர்ற பக்கம்தான் சாயும். தினமும் டப்பாவைப் பாதி சுத்து திருப்பி வைக்கச் சொல்லு. இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் நெருக்கமா இருக்கிறதைப் பிடுங்கிடணும், இல்லன்னா எல்லாமே நோஞ்சானா போகும். உனக்கு மனசு வராது, அவளுக்கு வரும், அவகிட்ட விடு. பிடுங்கினதை அலசிச் சமையல்ல போட்டுக்கலாம். மூணு நாலு வாரத்துல குழந்தைங்க கத்தரிக்கோலால அவளே வெட்டலாம். தண்டுக்கீரையை வேரோட இழுக்காம, அடி இலை ரெண்டு மூணு விட்டு மேல வெட்டினா மறுபடி துளிர்க்கும்.

நித்யா: சரி சித்தி. ஆனா தக்காளியை இன்னும் மறக்கல 😔

பெரியப்பா: எங்க மொட்டை மாடியில நாள் முழுக்க வெயில்தானே. யாழினி பேருல ஒரு செடி நான் வைக்கிறேன்.

செல்வி அக்கா: பெரியப்பா ❤️ பெரிய தொட்டியா வைங்க, இருபது லிட்டர் பக்கெட் அளவுக்கு. குச்சி நட்டுக் கட்டணும்.

சித்தி: பூ வந்ததும் தண்டை லேசா தட்டி விடுங்க அத்தான், மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். யாழினி வர்ற அன்னைக்கு அந்த வேலையை அவளுக்கு வெச்சிருங்க.

நித்யா: (குரல் பதிவு 0:21)

பெரியப்பா: தினமும் படமா?

நித்யா: ஆமா பெரியப்பா, "பெரிய தாத்தா தினமும் படம் அனுப்பணும், விரல் வெச்சுப் பார்த்துட்டுத்தான் தண்ணி ஊத்தணும்"னு கண்டிப்பா சொல்லிட்டா.

அருள்: பெரியப்பா, காலையில அனுப்புற குட்மார்னிங் படத்துக்குப் பதிலா இதை அனுப்பிடுங்க.

பெரியப்பா: ரெண்டும் அனுப்புவேன் 🙏🌹