மழை பிடித்தால் பையனுக்குச் சளியும் பிடிக்கிறது, என்ன கொடுக்கலாம்?

குமுளி அம்மா:
வணக்கம். நாங்கள் குமுளிப் பக்கம் இருக்கிறோம், சொந்த ஊர் கம்பம். பையனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. இங்கே ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போதே மழையும் வந்துவிடும். அன்றிலிருந்து இதுவரை நாலு தடவை சளி, அதில் இரண்டு தடவை காய்ச்சல். மருந்துக்கடையில் எதிர்ப்பு சக்தி கூடும் என்று சொல்லி ஒரு டானிக்கும் ஒரு பவுடரும் கொடுத்தார்கள், எண்ணூறு ரூபாய். இரண்டும் தீர்ந்துவிட்டன, சளி தீரவில்லை. நான் ஏலத்தோட்ட வேலைக்குக் காலையில் ஜீப் பிடிக்க வேண்டும், அதனால் பையனுக்கு அப்போது கட்டஞ்சாயாவும் (பால் ஊற்றாத டீ) நாலு பிஸ்கட்டும்தான். மதியம் பள்ளிக்கூடத்துச் சோறு, சாயங்காலம் வந்ததும் மறுபடி சாயா. மாமியார் "பிள்ளைக்கு ரத்தமே இல்லை, ஆட்டு ஈரல் வாங்கிக் கொடு" என்கிறார். உண்மையிலேயே எதைக் கொடுத்தால் உடம்பு தாங்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கூடலூர்க்காரி:
தங்கச்சி, நான் கீழே கூடலூரில் இருக்கிறேன், நானும் பத்து வருஷம் அதே ஜீப்பில் மலையேறினவள்தான். முதலில் அந்தக் காலைச் சாயாவை நிறுத்து. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை மறுநாள் மதியம் வரைக்கும் பிஸ்கட்டில் இருந்தால் உடம்பு எதை வைத்துத் தாங்கும்? நான் செய்தது இதுதான். கேழ்வரகு மாவை ராத்திரியே கரைத்து வைத்துவிடுவேன், காலையில் பிள்ளை பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் கூழ் காய்ச்சிவிடுவேன். கொஞ்சம் ஆறியதும் மோர் ஊற்றி ஒரு டம்ளர். கூடவே ஒரு அவித்த முட்டை. முட்டையை நீ குளிக்கப் போகும்போதே அடுப்பில் வைத்துவிடலாம். முட்டை இல்லாத நாளில் ஏத்தம்பழத்தை (நேந்திரம்பழம்) தோலோடு இரண்டாக நறுக்கி ஆவியில் வேகவைத்துக் கொடு, உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுமே. பழம் என்றால் ஆப்பிள்தான் வாங்க வேண்டும் என்று நினைக்காதே. கொய்யாவில் இருக்கும் வைட்டமின் சி ஆரஞ்சில் இருப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல். எண்ணூறு ரூபாய்க்கு எத்தனை கிலோ கொய்யா வரும் என்று பார்.

இன்னொன்று, பையன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான்? என் மகன் செல்போனை வைத்துக்கொண்டு பதினொரு மணி வரைக்கும் முழித்திருப்பான், காலையில் ஆறு மணிக்கு அழுதுகொண்டே எழுவான். இந்த வயதுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும், 12 மணி நேரம் தூங்கினாலும் தப்பில்லை. ஒன்பது மணிக்குப் போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒரு வாரம் வீடு ரணகளம், அப்புறம் பழகிவிட்டது.

செங்கோட்டை நர்ஸ்:
சகோதரி, முதலில் பயத்தை விடுங்கள். பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்கு வருஷத்தில் ஐந்தாறு தடவை சளி வருவது சாதாரணம், மழைக்காலத்தில் அடுத்தடுத்து வரும். ஒவ்வொரு வைரஸையும் சந்தித்துத்தான் உடம்பு பழகுகிறது. அதைத் தடுக்க எந்த டானிக்காலும் முடியாது, பவுடர்களில் பெரும்பாலும் சர்க்கரைதான் அதிகம். வெறும் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

ஆனால் உங்கள் மாமியார் சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம். பையனின் கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள், உங்கள் இமையையும் கண்ணாடியில் பாருங்கள். உங்களுடையது சிவந்து அவனுடையது வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழே போனால் ரத்தசோகை. சோகை பிடித்த குழந்தைக்கு நோயை எதிர்க்கும் தெம்பும் குறையும், படிப்பில் கவனமும் நிற்காது. நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியதே அந்தச் சாயாதான். தேயிலையில் இருக்கும் டானின், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தைக் கட்டிப்போட்டு உடம்பில் சேரவிடாது. முருங்கைக்கீரையைப் பொரியலாக்கிக் கொடுத்துவிட்டு உடனே சாயா கொடுத்தால் பாதிக் கீரை வீண். அதே கீரையோடு ஒரு துண்டு நெல்லிக்காயோ கொய்யாவோ தின்றால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். ஈரல் நல்லதுதான், வாரம் ஒரு தடவை போதும். மத்தி மீன் மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

குடற்புழுவும் ரத்தத்தைக் குடிக்கும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டிப் பள்ளிகளில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுப்பார்கள், அன்றைக்குப் பையன் லீவு போட்டிருந்தால் சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். ஐந்து முதல் ஒன்பது வயதுக்கு வாரம் ஒன்று ரோஸ் கலர் இரும்புச்சத்து மாத்திரை உண்டு. அது போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஐந்து வயதில் போடும் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்) தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள், வீடு மாறி வந்தவர்கள் பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, எடை குறைந்தாலோ, ராத்திரியில் நெஞ்சு விசில் மாதிரிச் சத்தம் போட்டாலோ, வாயால் மூச்சுவிட்டுக் குறட்டை விட்டாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். மலைக்குளிரில் சிலருக்கு அது சளியே இல்லை, இழுப்பாக இருக்கும்.

குமுளி அம்மா:
இமையைப் பார்த்தேன் அக்கா. வெளுப்பாகத்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையனையும் கூப்பிட்டுப் பார்த்தேன், வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. இத்தனை நாள் இதைப் பார்க்காமல் டானிக் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. பள்ளியில் பாலும் முட்டையும் கொடுக்கிறார்கள், இவன் முட்டையை நண்பனுக்குக் கொடுத்துவிடுகிறானாம்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:
அம்மா, வருத்தப்படாதீர்கள், இப்போது தெரிந்துகொண்டீர்களே. நான் பாலக்காட்டு எல்லையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இருபத்தெட்டு வருஷம் பாடம் எடுத்தவன். உணவைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள், நான் கையைப் பற்றிச் சொல்கிறேன். சளி கையிலிருந்தும் மூக்குக்கும் கண்ணுக்கும் போகிறது. எங்கள் பள்ளிக் குழாயடியில் சோப்பு வைத்தால் காணாமல் போகும், அல்லது தண்ணீரில் கரைந்து கூழாகும். சின்ன வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பை இருக்கிறதே, அதற்குள் சோப்பைப் போட்டு முடிச்சுப் போட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டேன். பிள்ளைகள் வலையோடு சேர்த்துத் தேய்த்தால் நுரை வரும், சோப்பும் உலர்ந்து நிற்கும். சாப்பாட்டுக்கு முன் இருபது வரை மெதுவாக எண்ணிக்கொண்டே தேய்க்கச் சொன்னேன், விரலிடுக்கும் நகமும் சேர்த்து. வீட்டிலும் இதைச் செய்யுங்கள். பையனுக்குத் தனித் துண்டு வையுங்கள், தண்ணீர் பாட்டிலை யாருடனும் மாற்றிக் குடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். விறகடுப்புப் புகையும் கொசுவத்திப் புகையும் அவன் படுக்கிற அறைக்குள் வரக் கூடாது. காய்ச்சல் அடிக்கிற நாளில் அனுப்பாதீர்கள், வருகைப் பதிவு போனால் போகட்டும்.

குமுளி அம்மா:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கம்பத்துக்கு இறங்கி ரத்தம் பார்க்கப் போகிறோம். இன்று காலை கூழ் ஒரு டம்ளர் குடித்தான், பாதி முட்டை தின்றான். சாயா கேட்டு அழுதான். நர்ஸ் அக்கா, ஒரேயடியாக நிறுத்திவிடவா?

செங்கோட்டை நர்ஸ்:
இந்த வயதில் சாயா இல்லாமலே இருப்பதுதான் நல்லது. உடனே முடியாவிட்டால் சாயங்காலம் மட்டும் பால் அதிகமாக ஊற்றி அரை டம்ளர், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளி. ரிசல்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள். குறைவாக இருந்தால் எடை பார்த்து டாக்டர்தான் மருந்தின் அளவைச் சொல்ல வேண்டும், கடையில் கேட்காதீர்கள்.