மோனோரெயில் பீமின் கீழ் ஃபிளேஞ்ச்: கான்டிலீவர் கணக்கு மட்டும் போதுமா?

கேள்வி:
வணக்கம். 5 மீட்டர் தாங்கிடை கொண்ட ஐ.எஸ்.எம்.பி. 300 பீமின் (300 மி.மீ. உயர இந்தியத் தர ‘I’ வடிவ எஃகு உத்தரம்) கீழ் ஃபிளேஞ்சில் (கிடைத் தகட்டில்) 2 டன் மின் ஹாய்ஸ்ட் (பளுதூக்கி) ஓட வேண்டும். ஹாய்ஸ்ட், டிராலி ஆகியவற்றின் எடை 150 கிலோ. அதிர்வுக்காக 25 விழுக்காடு கூட்டினால், நான்கு சக்கரங்களில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6.6 கிலோநியூட்டன் சுமக்கிறது. சக்கரம் ஃபிளேஞ்ச் விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே தொடுகிறது. ஃபிளேஞ்சை, வெப் எனும் நடுச் செங்குத்துத் தகட்டிலிருந்து நீளும் கான்டிலீவராகக் (ஒரு முனை மட்டும் பிணைந்த உறுப்பாகக்) கருதி, சுமை 45 பாகையில் பரவுவதாக வைத்து, சராசரித் தடிமன் 13.1 மி.மீ. கொண்டு கணக்கிட்டதில் குறுக்குவாட்டில் தகைவு (ஓரலகுப் பரப்பில் உள்விசை) 115 மெகாபாஸ்கல் வந்தது. பீமின் பொது வளைவுத் தகைவு 57. இரண்டுமே அனுமதிக்கப்பட்ட 165க்குள் இருப்பதால் இது போதுமா?

பதில் 1:
போதாது. 45 பாகைப் பரவலில் திருப்புத்திறனும் அதை ஏற்கும் அகலமும் ஒரே விகிதத்தில் கூடுவதால், சக்கரம் எங்கே நிற்கிறது என்பதே உங்கள் விடையிலிருந்து மறைந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, ஃபிளேஞ்ச் பீமின் நீளவாட்டிலும் உள்ளூர வளைவதை அந்தக் கணக்கு காண்பதே இல்லை என்பது. பொது வளைவோடு நேராகக் கூடுவது அந்தத் தகைவுதான். ஐரோப்பிய எஃகுக் கட்டுமான விதிமுறையான யூரோகோட் 3, பகுதி 6 தரும் கெழுக்களை, சக்கரச் சுமையைத் தடிமனின் வர்க்கத்தால் வகுத்த அளவோடு பெருக்க வேண்டும். உங்கள் பீமில் சக்கரத்தின் கீழ் நீளவாட்டில் 66, குறுக்குவாட்டில் 32 மெகாபாஸ்கல் வருகின்றன. 57ஐக் கூட்டினால் நீளவாட்டில் 123. இரு திசைத் தகைவுகளையும் ஒரே அளவாக இணைக்கும் வான் மீசஸ் தகைவு 111.

பதில் 2:
ஒரு எச்சரிக்கை. ஐ.எஸ்.எம்.பி. பீமின் ஃபிளேஞ்ச் உட்புறம் 8 பாகை, அதாவது ஏறத்தாழ 14 விழுக்காடு சரிவுடையது. ஆகவே சரிவு ஃபிளேஞ்சுக்குரிய கெழுக்களையே எடுக்க வேண்டும். தடிமனும் 13.1 அன்று, சக்கரம் தொடும் இடத்திலுள்ள 12 மி.மீ. (மேலே உள்ள பதில் அப்படித்தான் கணக்கிட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.) அமெரிக்கக் கிரேன் உற்பத்தியாளர் சங்கமான சி.எம்.ஏ.ஏ.வின் விதிமுறை, உள்ளூர்த் தகைவில் முக்கால் பங்கை மட்டும் கூட்ட இடம் தருகிறது. ஆனால் ஒரு விதிமுறையின் கெழுவையும் மற்றொன்றின் தளர்வையும் கலக்க வேண்டாம்.

பதில் 3:
பீமின் முனையை யாரும் கேட்கவில்லை. அங்கே ஃபிளேஞ்சுக்கு மறுபக்கத் தாங்குதல் இல்லை; வலுவூட்டாத முனையில் சக்கரம் நின்றால், யூரோகோட் வாய்பாட்டின்படி குறுக்குவாட்டில் மட்டுமே 163 வருகிறது. டிராலியைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பரை உள்ளே தள்ளி வையுங்கள். அடுத்தடுத்த சக்கரங்களின் இடைவெளி ஃபிளேஞ்ச் அகலத்தின் ஒன்றரை மடங்குக்கு, உங்களுக்கு 210 மி.மீ.க்கு, குறைவாக இருந்தால் இரண்டின் உள்ளூர்த் தகைவுகளையும் கூட்ட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. டிராலியில் அந்த இடைவெளி 160 மி.மீ. மட்டுமே. இரண்டையும் கூட்டியதில் வான் மீசஸ் தகைவு 166க்கு ஏறிவிட்டது. ஐ.எஸ்.எம்.பி. 350க்கு மாறினால் ஏறத்தாழ 137 ஆகிறது. அதையே வரைபடத்தில் குறித்து, முனையில் வலுவூட்டும் தகடும் சேர்க்கிறேன்.