54ஆவது மாசசூசெட்ஸ் படை: 1864ஆம் ஆண்டுக் கடிதங்கள் தேவை

நண்பர்களே, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்புக்காகக் கறுப்பின வீரர்களைக் கொண்டு 1863இல் திரட்டப்பட்ட 54ஆவது மாசசூசெட்ஸ் காலாட்படையைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிவருகிறேன்.

1863 ஜூலை 18 அன்று தென் கரோலினாவின் வாக்னர் கோட்டைமீது இந்தப் படை நடத்திய தாக்குதல், அதில் படைத் தலைவர் கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா மாண்டது, குண்டடி பட்டும் கொடியை விடாத வில்லியம் கார்னி, இதற்கெல்லாம் நிறையத் தகவல் கிடைத்துவிட்டது. அதற்கு அப்புறம் நடந்ததுதான் வேண்டும். 1864 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் ஒலுஸ்டீயில் தோற்றுப் பின்வாங்கும்போது, காயம்பட்டவர்களை ஏற்றிய ரயிலின் எஞ்சின் பழுதாகி நின்றுவிட்டது. போரிட்டு, நடந்து களைத்த இந்த வீரர்கள் அதைக் கயிறு கட்டிக் கையாலேயே இழுத்தார்கள். அத்தனையும் சம்பளம் வாங்காமல்! மாதம் 13 டாலர் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, கடைசியில் கைக்கு 7 டாலர்தான் என்றதும் அதைத் தொட மறுத்திருந்தார்கள். வெள்ளையின வீரர்களுக்குச் சமமான சம்பளம் தரும் சட்டம் 1864 ஜூனில்தான் வந்தது.

அந்த மாதங்களில் சிப்பாய்கள் வீட்டுக்கோ பத்திரிகைகளுக்கோ எழுதிய கடிதங்களை இணையத்தில் எங்கே படிக்கலாம்? அதிகாரிகள் எழுதியவை என்னிடம் இருக்கின்றன. சிப்பாய்களின் குரல்தான் எனக்கு முக்கியம்.

அப்புறம், பாஸ்டனில் இருப்பவர்கள் யாராவது அங்குள்ள இந்தப் படையின் நினைவுச் சின்னத்தின் பின்பக்கத்தில் பொறித்திருக்கும் வீரர்களின் பெயர்களைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்ப முடியுமா? பெயர்களைக் கட்டுரையில் ஒன்றுவிடாமல் சேர்க்க விரும்புகிறேன்.