திதிச் சோறு காக்கைக்கு வைத்தால் அபராதமா?

பிடோக்_மீனா:
நேற்று அப்பாவின் திதி. அம்மா வழக்கம்போல வாழையிலைத் துண்டில் சோறு, பருப்பு, கொஞ்சம் எள் வைத்து, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல்தரை ஓரம் வைத்தார். அதை ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்து, புகார் செய்யப் போவதாகச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு 74 வயது. காக்கா தொடுவதற்குள் இலையை எடுக்கச் சொன்னதால், மாலைவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வருடத்துக்கு ஒரு பிடி சோறு. இதற்குமா சட்டம்?

மூன்றாம்மாடி:
சிங்கப்பூரில் இதற்கும்தான். 2020 ஜூன் முதல் வனவிலங்குச் சட்டப்படி, காடோ புளோக்கோ, காக்கை புறாவுக்குக்கூட எங்கே தீனி போட்டாலும் குற்றம். முதல்முறை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வரை. உங்கள் அம்மாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் இலைக்கு முதலில் வருவது காக்கா இல்லை, புறா. எங்கள் மூங்கில் கழியில் காயப்போட்ட பள்ளிச் சீருடையை வாரத்தில் இரண்டு முறை திரும்பத் துவைக்கிறேன். மிச்சத்தை ராத்திரி எலி தின்கிறது. காலையில் அந்த இடத்தைச் சுரண்டிக் கழுவுவது யார்? ஊரை விட்டு வந்து வேலை செய்யும் துப்புரவுத் தம்பி.

பிடோக்_மீனா:
பை நிறைய ரொட்டி கொண்டுவந்து தினமும் கொட்டுகிறவரையும் என் அம்மாவையும் ஒன்றாகப் பேசாதீர்கள். அம்மா நின்று பார்த்து, இலையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் மேலே வருவார்.

பீஷான்காரன்:
2023 பிப்ரவரியில் எங்கள் பீஷான் பகுதியில் காக்கைகள் போகிறவர் வருகிறவர் தலையைக் கொத்தின. எனக்கும் பின்மண்டையில் ஒரு கொத்து. குஞ்சைக் காப்பாற்றத்தான் அவை அப்படிச் செய்தன, சரி. ஆனால் தீனி கிடைக்கும் இடத்தில்தான் கூடும் கட்டும். புக்கிட் தீமா காட்டுப் பக்கம் குரங்குகளைப் பாருங்கள்: பிளாஸ்டிக் பை சரசரத்தாலே பாய்கின்றன. கையில் கொடுத்துப் பழக்கியது நாம். அப்புறம் பொல்லாத குரங்கு என்று பிடித்துப்போவதும் நாம். உயிர் போவது அதற்கு.

அமாவாசை_விரதம்:
மீனா, எங்கள் வீட்டில் இப்போது இலையைச் சாமி மேடையில் வைத்துக் கும்பிட்டு, பிறகு நாங்களே சாப்பிடுகிறோம். மாமியார் முதல் வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அவரே இலை போடுகிறார்.

பிடோக்_மீனா:
காக்கா தொடாமல் கை நனைக்க மாட்டேன் என்று இருப்பவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாதான் வருகிறார் என்று நம்புகிறார். இந்தச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தேசியப் பூங்காக் கழகத்துக்கு எழுதப் போகிறேன்: திதி நாளில் கால் மணி நேரம் அனுமதி கொடுங்கள், எடுத்துத் துடைப்பது எங்கள் பொறுப்பு என்று.

மூன்றாம்மாடி:
எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பதில் வரும்வரை கீழே இலை வைக்க வேண்டாம் அக்கா.