புதுப்பிப்பு: ஏடிஆரில் ஒருவழியாக ஏறிவிட்டேன்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ஏர்பஸ், போயிங் எல்லாம் பார்த்தாயிற்று, பெங்களூரிலிருந்து தூத்துக்குடிக்கு ஏடிஆர் 72 என்ற சின்ன விசிறி விமானத்தில் போகப் போகிறேன், எங்கே உட்காரலாம் என்று. "இறக்கைக்குக் கீழே, ஜன்னல் ஓரம்" என்று சொன்ன அண்ணனுக்குப் பெரிய கும்பிடு.

இறக்கை மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்கவில்லை. அதைவிட, சக்கரம் உடலோடு ஒட்டியே இருக்கிறது. இறங்கும்போது அது ஓடுதளத்தைத் தொட்டுப் புகை கிளம்புவதை நேராகப் பார்த்தேன். இதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

ஏறும்போது ஒரு வேடிக்கை. வலப்பக்க எஞ்சின் இரைகிறது, ஆனால் அதன் விசிறியின் ஆறு இறகுகளும் அசையவே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது: ஏடிஆரில் தனியாகத் துணை எஞ்சின் கிடையாது. விசிறிக்குப் பிரேக் போட்டுவிட்டு, அந்த எஞ்சினையே ஓடவிட்டு மின்சாரமும் ஏசியும் எடுக்கிறார்கள். 'ஹோட்டல் மோட்' என்று பெயர். சாப்பாடு கிடையாது!

வீடியோ மட்டும் சொதப்பல். செல்போனில் இறகுகள் எல்லாம் வாழைக்காய் மாதிரி வளைந்து தெரிகின்றன.

தூத்துக்குடியின் பழைய ஓடுதளம் வெறும் 1,350 மீட்டர், அதனால்தான் இத்தனை வருடம் ஏடிஆர் மாதிரி சின்ன விமானங்களின் ராஜ்ஜியம். இப்போது நீட்டிவிட்டார்கள். அம்மாவுக்குப் பெரிய விமானம் வந்தால் சந்தோஷம். எனக்கு இல்லை.

அடுத்தது, பெங்களூருக்கு வரும் எமிரேட்ஸின் இரண்டு மாடி விமானம், ஏ380. டிக்கெட் விலை பார்த்தேன். சரி, இப்போதைக்கு வேலிக்கு வெளியே நின்றே பார்த்துக்கொள்கிறேன்.