மட்டக்களப்பு 2088 கேம்: துவக்குக்கு டேமேஜ் நம்பர் மட்டும் போதுமா?

வாவிக்கரை_ஜீஎம்
நாங்க மேசையில டைஸ் உருட்டி ஆடுற எங்கட சைபர்பங்க் கதை கேமுக்கு மூண்டு துவக்கு எழுதியிருக்கன், பாத்திட்டு சொல்லுங்க. சூரை: தோள்ல போடுற ரெயில்கன், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவால கரண்ட் பாய்ச்சி குண்டு எறியிற துவக்கு, டேமேஜ் நாலு டைஸ் உருட்டி வாற கூட்டுத்தொகை. மணலை: பித்தளைக் கோது இல்லாத ரவை அடிக்கிற ரைபிள், மூண்டு டைஸ். கெளிறு: சொந்தக்காரன்ட கைக்கு மட்டும் வேலை செய்யிற ஸ்மார்ட் பிஸ்டல், ரெண்டு டைஸ். வெள்ளிக்கிழமைக்கு முதல் முடிவு வேணும்.

நாவலடி_நியோன்
மச்சான் பேரெல்லாம் நல்லாரிக்கு, ஆனா இது மூண்டும் ஒரே துவக்குதான், நம்பர் மட்டும் வேற. நாலு டைஸ் எண்டா சராசரி 14, மூண்டு எண்டா பத்தரை, மறுகா ஆருடா மணலைய எடுப்பான்? முதல் கிழமையே எல்லார்ட தோள்லயும் சூரைதான் தொங்கும். துவக்குக்கு ஒரு குறை வேணும், அந்தக் குறைதான் அதுட குணம். ஜெர்மன் கம்பனி ஹெக்லர் அண்ட் கோக் செஞ்ச ஜி11 ரைபிளப் பாருங்க, 4.73 மில்லிமீட்டர், கோதே இல்லாத ரவை. பித்தளைக் கோது வெளிய பாயக்குள்ள சூட்டையும் கொண்டு போகும், இதுல கோது இல்லாததால சூடு முழுக்க உள்ளுக்கயே நிண்டு ரவை தன்பாட்டில வெடிக்கிற பிரச்சினை வந்து அதோட வருசக்கணக்கா மல்லுக்கட்டினாங்க. மணலைக்கு அந்தச் சூட்டக் குடுங்க, அப்பதான் அது மணலை.

கல்முனை_டைஸ்
எனக்கு இது சரிவராது. ஆக்கள் வேலை முடிஞ்சு களைச்சுப் போய்த்தான் மேசைக்கு வாறாங்க, நீங்க சூட்டுக்கு ஒரு அட்டவணை பேட்டரிக்கு ஒரு அட்டவணை எண்டு போட்டா ஒரு சண்டை முடிய நடுச்சாமம் ஆகிடும். போன கேம்ல ஒரு புதுப் பொடியன் தன்ட கேரக்டர் விபரம் எழுதின சீட்டயே பாத்துக்கொண்டு இருந்திட்டு பாதியில எழும்பிப் போனான், எனக்கு இன்னும் அந்தக் கவலை இரிக்கு. நம்பர் எண்டா எல்லாருக்கும் விளங்கும்.

நாவலடி_நியோன்
அட்டவணை ஆரு கேட்ட? டேமேஜுக்கு உருட்டுற அதே மூண்டு டைஸ்ல ரெண்டுலயாவது '1' விழுந்தா மணலை சூடாகிட்டு, அடுத்த தடவை சுட ஏலா, அவ்வளவுதான். 216 விதத்தில 16 விதம்தான் அப்பிடி விழும், ஆனா விழுற நேரம் மேசையே எழும்பி நிக்கும். கூட ஒரு உருட்டல் கூட இல்ல. கெளிறுக்கும் அப்பிடித்தான், 2017ல ஒரு ஹேக்கர் ஜெர்மன்காரன்ட ஸ்மார்ட் பிஸ்டல் ஒண்ட மலிவான காந்தத் துண்டுகள வச்சே லொக் இல்லாம சுட்டுக் காட்டினான். எங்கட கேம்ல ஹேக்கரா ஆடுற புள்ளைக்கு சண்டையில ஒரு வேலையும் இல்ல எண்டு நீங்கதானே சொன்ன, எதிரிட கெளிற லொக் பண்ற வேலைய அவக்கு குடுங்க.

பாசிக்குடா_புள்ள
நீங்க ரெண்டு பேரும் துவக்கோட நிக்கிறீங்க, நான் தெருவப் பாக்கிறன். இது செக்பொயின்ட் பாத்து வளந்த ஊர், இங்க ஒருத்தன் தோள்ல சூரையோட கல்லடிப் பாலத்தால நடந்து வந்தா கடைக்காரன் ஷட்டர இழுப்பான், தாய்மார் புள்ளைகள உள்ளுக்கு எடுப்பாங்க. அது மேசையில வரணும், இல்லாட்டி ஊர் பேர் மட்டும்தான் மட்டக்களப்பு. எனக்கு மணலைல பிடிச்சதே கோது விழாததுதான், சுட்ட இடத்தில பொறுக்க ஒண்டும் இல்ல, மறுகா துப்புத் துலக்கிற ஆள் எங்க இருந்து தொடங்குவான்? அதுக்கு எந்த டைஸும் தேவையில்ல, கதையே அதுலதான் இரிக்கு.

கல்முனை_டைஸ்
புள்ள சொல்றத்தோட நான் ஒத்துப் போறன், அது மேசையோட வேகத்த குறைக்காது. ஆனா சூரைக்கு என்ன செய்யப் போறீங்க? அதுக்கு குறை எழுதினா கட்டாயம் கணக்கு வரும்.

நாவலடி_நியோன்
வராது. அமெரிக்கக் கடற்படை 2010ல 33 மெகாஜூல் சக்தியில ரெயில்கன் சுட்டுக் காட்டி, 2021ல அந்த வேலையையே நிப்பாட்டினது, குழல் தேயுறது பெரிய தலையிடியா இருந்தது. ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவால அவ்வளவு கரண்ட் பாயக்குள்ள உலோகம் அரிபடத்தான் செய்யும். அதால சூரைக்கு ஒரு சண்டைக்கு ஒரு வெடி, மறுகா தண்டவாளம் மாத்தணும், அது காசு. கடல் காத்து அடிக்கிற ஊர்ல புதுத் தண்டவாளத்தையும் எண்ணெய்த் துணியில சுத்தித்தான் வைக்கணும். இதுல எங்க கணக்கு?

கல்முனை_டைஸ்
ஒரு வெடிக்கு நாலு டைஸ் எண்டா ஆரும் வாங்க மாட்டாங்க. ஆறு டைஸாவது குடுங்க.

வாவிக்கரை_ஜீஎம்
ஆறு எண்டா சராசரி 21, நான் வச்சிருக்கிற கவச வண்டி ஒரே வெடியில போயிடும். அஞ்சு குடுக்கிறன், தண்டவாளம் கறுப்புச் சந்தையில மட்டும். மணலைக்கு ரெண்டு '1' விழுந்தா சூடு, கோது இல்ல. கெளிற ஹேக்கர் லொக் பண்ணலாம். புள்ள, செக்பொயின்ட் ரெண்டு எழுதித் தாங்க, பாலத்தில ஒண்டு, பஸ் ஸ்டாண்டில ஒண்டு. கல்முனை, வெள்ளிக்கிழமை நீங்க போன்ல டைம் பிடிங்க, முதல் சண்டை அரை மணித்தியாலத்துக்கு மேல போனா சூட்டு விதிய எடுத்திருவம்.

கல்முனை_டைஸ்
பிடிக்கிறன். ஆனா இருவது நிமிசம்.