பதில்: இன்செல்பெர்க் – தீவுமலையா, கரடா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சமவெளி நடுவே தனித்து நிற்கும் பாறைமலையை நிலவியலில் இன்செல்பெர்க் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> இன்செல்பெர்க் என்பதற்குத் தீவுமலை என்று வைத்துக்கொள்ளலாமா? மூலச்சொல்லின் பொருளும் அதுதானே.

பொருள் அதுதான். ஜெர்மானிய நிலவியலாளர் வில்ஹெல்ம் போர்ன்ஹார்ட் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவில், சமவெளி நடுவே தனித்தனியாக எழுந்து நிற்கும் பாறைமலைகளைப் பார்த்தார். கடலில் தீவு நிற்பதுபோல் அவருக்குப் பட்டது. 1900இல் வந்த நூலில் அப்படியே பெயர் வைத்தார். அவருக்குப் புதிய காட்சி, உவமை தேவைப்பட்டது. நமக்கு அப்படியில்லை. நாமக்கல் கோட்டை நிற்கும் ஒற்றைப் பாறையும், 83 மீட்டர் உயரமுள்ள திருச்சி மலைக்கோட்டைப் பாறையும் இந்த வகைதான். தீவுமலை என்று பாடத்தில் படிக்கும் பிள்ளைக்கு நிக்கோபார்தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: கரடு.

எங்கள் ஊர்ப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் "கரட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன்" என்பார்கள். சேர்வராயனையும் கொல்லியையும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், அவை மலை. மரம் அதிகமில்லாமல், பாறை வெளியே தெரிய, புஞ்சைக் காட்டு நடுவே நிற்பதுதான் கரடு. சிறுவயதில் ஏறும்போது சில இடங்களில் பாறையைக் கல்லால் தட்டுவோம். ஒரு இடத்தில் கெட்டியாகச் சத்தம் வரும். நாலடி தள்ளித் தட்டினால் காலிப் பானைபோல் ஒலிக்கும். அடியில் பாறை தகடாக விட்டுப்போயிருக்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது.

கரடு உருவாகும் விதமும் இதோடு சேர்ந்தது. பாறையில் விரிசல் நெருக்கமாக உள்ள இடத்தில் மழைநீர் இறங்கி, மண்ணுக்கடியிலேயே அதை உளுத்துப்போகச் செய்கிறது. விரிசல் குறைந்த கட்டிப் பாறை உளுக்காமல் நிற்கிறது. நெடுங்காலத்தில் உளுத்ததை ஓடும் நீர் வாரிக்கொண்டு போனதும் கட்டி வெளியே வருகிறது. கரடு வளரவில்லை, சுற்றியிருந்த நிலம்தான் இறங்கியது. மேலிருந்த சுமை போன பாறை விரிந்துகொடுக்கும்போது வெங்காயத் தோல்போலத் தகடு தகடாகப் பிரிகிறது. நாங்கள் தட்டியது அந்தத் தகட்டைத்தான்.

இன்செல்பெர்க்குக்குத் தனிக்குன்று என்று வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அது தீவுமலையைவிட நல்லது. ஆனால் அது தனியாக இருப்பதை மட்டும் சொல்கிறது, பாறையைச் சொல்லவில்லை.

கரடு வட்டார வழக்கு என்று மறுப்பு வரும். தேரியும் வட்டார வழக்குதான். திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேட்டின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் நிலவியலாளர்களே அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கரடை நாம் தமிழில் எடுத்துக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. சேர்வராயனில் சோலைக்கரடு என்ற சிகரமே இருக்கிறதே என்றும் கேட்கலாம். சரி, ஊர்ப்பெயர் அப்படித்தான் அலையும். கலைச்சொல்லுக்கு எல்லை போடுவது அகராதி விளக்கத்தின் வேலை.

இன்னொரு வசதி, இந்தச் சொல் கிளை விடும். கரட்டுச்சுனை, கரட்டுச்சரிவு எல்லாம் தானாக வருகின்றன. கரட்டின் காலடியில் மெல்லச் சரியும் பாறைத்தளத்துக்கு, அதாவது பெடிமென்ட்டுக்கு, கரட்டடி என்று வைக்கலாம். கோபி பக்கம் கரட்டடிபாளையம் என்று ஊரே இருக்கிறது. தீவுமலையிலிருந்து இப்படி எதையும் எடுக்க முடியாது.

நெல்லை, குமரிப் பக்கத்தில் பொத்தை என்கிறார்கள். அதையும் விட்டுவிடக் கூடாது. அகராதிப் பதிவை இப்படி எழுதலாம்:

கரடு (பெ.): சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும், சுற்றுநிலம் அரிக்கப்பட்டு எஞ்சிய தனிப் பாறைமலை. இணைச்சொல்: பொத்தை.

உருண்டு மழுங்கிய வகைக்குப் போர்ன்ஹார்ட்டின் பெயரையே உலகம் வைத்திருக்கிறது. அதற்கு மொட்டைக்கரடு போதும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்.